கப்பலுக்கு ஒரு கத்தி

அன்பு மகளுக்கு,

இன்று காலை கூடத்தில் இருந்தது நான், உன் அப்பா, பக்கத்து வீட்டு புஷ்பவல்லி, மூன்றே பேர்.

அப்பாவைத் தனியே விடக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாள் முதல், நம் வீட்டுக் கத்திகளெல்லாம் புஷ்பவல்லியிடம்தான் இருக்கின்றன. அவர் மரக்கப்பல் செய்ய ஆசைப்பட்டபோதும், பெரம்பலூரில் உப்புத்தாளும் பசையும் மட்டுமே வாங்கி வந்தேன்.

இன்று பலகையைத் தேய்த்துக்கொண்டே சிரித்துவிட்டார். “பாரும்மா புஷ்பா, இவ குடுத்த உப்புத்தாள வச்சே தேச்சு கப்பல முடிக்கணும்னா, எனக்கு இன்னும் இருவது வருசம் ஆயுசு வேணும். ஒரு கத்தி குடுங்களேன்!”

ஆயுசு வேணுமாம், ஆத்தா மதுரகாளி!

புஷ்பவல்லி வீட்டிலிருந்து சின்னக் கத்தியை எடுத்துவந்து நானே கொடுத்தேன். மத்தியானம்வரை பாய்மரம் சீவினார். நான் எட்டிப் பார்க்காமல் சமைத்தேன்.

மற்ற கத்திகளையும் கொண்டுவந்துவிடலாமா? சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா