காத்தாடித் துரை

6 மே 2024, திங்கள்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் நான். இன்று கோவில் கமிட்டிக் கூட்டத்துக்குத் தேயிலைத் தோட்டத்துப் புது மேனேஜர் அஸ்ருல் வந்தார். பதினேழாம் நம்பர் மலையடியில் சுற்றுலா பஸ்கள் நிற்க இடம் போடுகிறார்களாம். ஜூன் முப்பதுக்குள் அங்கிருக்கும் காத்தாடித் துரை மேட்டை எடுத்துவிட வேண்டுமாம். ஆம்பளைகள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான்தான் எழுந்து, அது ஜப்பான் சண்டைக் காலத்தில் விழுந்த பிளேன்காரரின் சமாதி, எடுக்கக்கூடாது என்றேன்.

"சமாதி என்பதற்கு ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், விட்டுவிடுகிறேன்" என்றார்.

"காட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். தேயிலை ஃபேக்டரியில் எடை போட்டுக் கணக்கெழுதும் கிராணிக்குப் பிளேனைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது.

7 மே

குணாளன் காலையிலிருந்து சிரிக்கிறார். "எம்பொண்டாட்டி துப்பறியப் போறா லா" என்று லோரி ஷெட்டில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. புருஷனாக வாய்த்ததும் சரியில்லை.

தெரிந்ததை எழுதி வைக்கிறேன். ஒரு மண் மேடு. தலைமாட்டில் ஆளுயரத்துக்கு நட்டு வைத்த, பிளேன் மூக்கில் சுற்றும் காத்தாடியின் இறக்கை ஒன்று. பிளேனோடு விழுந்து செத்த வெள்ளைக்காரத் துரை அங்கே காவல் நிற்கிறார் என்பது கதை. ஆடியில் பட்டர் தடவிய ரொட்டியும் சுருட்டும் ஒரு போத்தல் பிராந்தியும் படைப்பார்கள். படையல் முடிந்தபின் பிராந்தி எங்கே போகிறது என்று கேட்கக்கூடாது. துரையின் பெயர்? ஊர்? யாருக்கும் தெரியாது.

12 மே, ஞாயிறு

புளியும் பழைய பிரஷும் எடுத்துக்கொண்டு போய் இறக்கையைத் தேய்த்தேன். எழுபது வருடச் சந்தனம், குங்குமம், அதற்கு மேல் மஞ்சள் பெயிண்ட். பெண்கள் வேலிக்கு வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். நானோ உள்ளே உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருக்கிறேன். கமிட்டித் தலைவர் சிங்காரம் மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஏம்மா, சாமி மேல கை வைக்கிறியே, கண்ணு போயிரும் லா!"

"போனா நாளைக்கு நீங்க வந்து எடை போடுங்க மாமா."

அடியில் எண்கள் தெரிந்தன! படம் பிடித்து ஆஸ்திரேலியாவில் ஒரு விமான அருங்காட்சியகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். சண்டையின்போது பக்கத்து ஈப்போ விமானத் தளத்தில் இருந்தது அவர்கள் பிளேன்தான் என்று இணையத்தில் படித்தேன்.

19 மே

பதில் இல்லை.

26 மே, ஞாயிறு

வந்துவிட்டது! அது பஃபலோ என்ற ரகப் போர் விமானம். 1941 டிசம்பரில் ஈப்போவிலிருந்து கிளம்பித் திரும்பவில்லை. ஓட்டியவர் ஜேம்ஸ் கார்வெல், வயது இருபத்திரண்டு. என் கடிதத்தை அவர் குடும்பத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

"எருமைன்னா பேர் வச்சாங்க?" என்றார் குணாளன். "எமன் வாகனத்துல ஏறினவன் வேற எங்க போய்ச் சேருவான்?"

மனுஷனுக்கு எதிலும் விளையாட்டு. நான் மட்டும் துரையிடம் போய், "உங்க பேரு கிடைச்சிருச்சு ஜேம்ஸ்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

4 ஜூன்

தலையில் இடி. ஜேம்ஸின் மகள் மார்கரெட் எழுதியிருக்கிறார். அப்பா கையொடிந்து தப்பி, ஊர் திரும்பி, கல்யாணம் கட்டி, பேக்கரி வைத்து, 1991இல் காலமானாராம்.

ஐயோ ஐயோ. ரொட்டிக் கடைக்காரருக்கே ரொட்டி படைத்திருக்கிறோம். அதுவும் அவர் உயிரோடு இருந்தபோதே!

சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகுதான் உறைத்தது. இங்கே சாகாத ஆளுக்கு இங்கே ஏது சமாதி? நானே மேட்டுக்குக் குழி தோண்டிவிட்டேன்.

5 ஜூன்

"இத மேனேஜர்கிட்ட காட்டாத. கிழிச்சுப் போட்டுரு" என்கிறார் சிங்காரம் மாமா. ஈமெயிலை எப்படிக் கிழிப்பது? ஆனால் எனக்கும் மறைத்துவிட ஆசைதான். பொய் சொல்லவேண்டாம், உண்மையைச் சொல்லாமல் இருந்தால் போதும். அது பொய் இல்லையா?

8 ஜூன், சனி

இரண்டு நாளாக ஒரே கேள்வி. துரை இல்லை என்றால் மேட்டுக்குள் இருப்பது யார்? மார்கரெட்டிடமே கேட்டு எழுதிவிட்டேன்.

15 ஜூன், சனி

மார்கரெட் அப்பாவின் பழைய நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

"எஞ்சின் நின்றுவிட்டது. தேயிலைச் சரிவில் இறக்கினேன். பெண்கள் ஓடினார்கள். ஒருத்தியின் முதுகில் கூடை நிறைய இலை. கூடையின் வார் தலையில் மாட்டியிருந்தது, அவளால் கழற்ற முடியவில்லை. எனக்குக் கை மட்டும் முறிந்தது. மற்ற பெண்கள் என்னை அடிப்பார்கள் என்று நினைத்தேன், தண்ணீர் கொடுத்தார்கள். மாலையில் அவளைப் புதைத்தார்கள். இடம் மறந்துபோகக் கூடாது என்று காத்தாடி இறக்கையை நான்தான் நடச் சொன்னேன். பெயர் கேட்டு எழுதிக்கொண்டேன். வேலாயி."

ஒவ்வொரு டிசம்பரிலும் ஒருநாள் அப்பா கடையைத் திறக்கமாட்டாராம், காரணம் சொல்லமாட்டாராம்.

அடப்பாவிங்களா. கொழுந்து பறிச்சவ செத்துக் கிடக்கா, நாம துரைக்குச் சுருட்டு பத்த வச்சிருக்கோம். அவளைப் பாக்க வந்த பொம்பளைங்களையே வேலிக்கு வெளிய நிறுத்தியிருக்கோம்.

16 ஜூன்

எப்படி மறந்தார்கள்? ஓய்வுபெற்ற சரோஜா அக்காவிடம் கேட்டேன். "சண்டைக்கு முந்தி இருந்தவங்கள ஜப்பான்காரன் சயாம் ரயில் வேலைக்குப் பிடிச்சிட்டுப் போயிட்டான். நம்ம குடும்பமெல்லாம் அப்புறம் வந்ததுதானே. பிளேன் காத்தாடி நிக்குது, அப்ப துரைதான்னு முடிவு பண்ணிட்டாங்க."

மறக்கக் கூடாது என்று நட்டதைப் பார்த்துத்தான் மறந்திருக்கிறோம்.

20 ஜூன், வியாழன்

எல்லாத் தாள்களையும் மேனேஜரிடம் கொடுத்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. பொறுமையாகப் படித்தார். பைலட் என்றால் பெயர்ப் பலகை வைக்கலாம், டூரிஸ்ட் வருவார்கள், இது தொழிலாளி ஆயிற்றே என்று இழுத்தார். கடைசியில், வாரிசு யாராவது எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்றார். எண்பது வருடத்துக்குப் பிறகு வாரிசுக்கு எங்கே போவேன்?

வெளியே சிங்காரம் மாமா வேறு. "துரைன்னு கும்பிட்ட கையால கொழுந்து பறிக்கிறவளையா கும்பிடுறது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்க ஆத்தா என்ன வேலை பாத்தாங்க மாமா?"

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

27 ஜூன், வியாழன்

நானே விண்ணப்பம் எழுதி, பெயர், உறவு, கையெழுத்து என்று மூன்று கட்டம் போட்டேன். சரோஜா அக்கா வீட்டு ஐந்தடித் திண்ணையில் பெண்கள் கூடிவிட்டார்கள். உறவுக் கட்டத்தில் பேனா நின்றது.

"நாமளும் கொழுந்து பறிச்சவங்கதானே, அதையே எழுது" என்றார் அக்கா. எழுதினேன். முதல் கையெழுத்து அவருடையது. இரண்டாவது என்னுடையது. நானும் பதினெட்டு வயதில் இரண்டு வருடம் கூடை மாட்டியவள்தான்.

முப்பத்தொரு பேர். கடைசியில் சிங்காரம் மாமா வந்து வாசலில் நின்றார். "எங்க ஆத்தா பேர்ல ஒன்னு போடலாமாம்மா?"

"செத்தவங்க போட முடியாது மாமா. நீங்க போடுங்க."

கொழுந்து பறித்தவளின் மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

30 ஜூன்

மேனேஜரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

2 ஜூலை, செவ்வாய்

காலையில் ஃபேக்டரிக்குப் போகும் வழியில் பார்த்தேன். பஸ் நிற்கும் இடத்துக்கு எல்லையாக மேட்டைச் சுற்றி அடித்திருந்த சிவப்புத் துணிக் குச்சிகளைச் சர்வே ஆள் பிடுங்கி, இருபதடி தள்ளி நட்டுக்கொண்டிருந்தான். மலாய்க்காரப் பிள்ளை. என்னைக் கண்டதும், இது யாருடைய குபூர், யார் சமாதி, வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று கேட்டான்.

"வேலாயி" என்றேன்.

புரியவில்லை போல. இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லச் சொன்னான். நான் சொல்லச் சொல்ல, ஒவ்வோர் எழுத்தாக எழுதிக்கொண்டான்.