குளவி இருந்த பிடி

இன்று மதியம் கேன்டீன் ஜன்னலில் ஒரு குளவி வந்து உட்கார்ந்தது. வாயில் சாம்பார் சாதத்தோடு நான் தனியாகச் சிரித்தேன். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். உன் வீங்கிய முகத்தைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து சொல்ல ஆரம்பிப்பது?

நீ வடக்குப்பட்டுக்காரி; நான் நெல்லையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியவள். வேலை ஒரே கம்பெனியில், ஒரே லைனில். வார லீவு வந்தால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு பழைய கல்குவாரிக்குப் பாறை ஏறப் போய்விடுவோம். ஏறியதைவிடச் சண்டை போட்டதுதான் அதிகம். அந்தக் காலத்தில் வெறும் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு ஏறினார்களாம், விழுந்தால் விலா எலும்பு போய்விடுமாம் என்று போனில் தேடிப் படித்ததை நான் சொல்வேன். உனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“செத்தவங்க கதை எனக்கு இன்னாத்துக்குடி? அத்த படிச்சா கை வலிக்காம பூடுமா?”

“ஏட்டி, அவங்க எப்படி விழுந்தாங்கன்னு தெரிஞ்சாத்தான நாம விழாம இருக்கலாம்?”

“நீ மொதல்ல கயித்தப் புடி மேடம்” என்று ஏறிவிடுவாய்.

அப்படி ஏறிய ஒரு நாள்தான் பாதி உயரத்தில் இருந்த அருமையான பிடிக்குள் கையை விட்டாய். உள்ளே குளவிக்கூடு. நீ போட்ட கூச்சலில் நான் அழுதுகொண்டே உன்னை இறக்கினேன். கீழே வந்த உன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் கேட்டில் செக்யூரிட்டி உன் ஐடி கார்டையும் உன்னையும் மூன்று முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த இடம் வந்தால் இருவரும் காலை அகட்டி இடப்பக்கமாகச் சுற்றிப் போவோம்.

பாறை உன்னை ஒன்றும் செய்யவில்லை. பாழாய்ப்போன காய்ச்சல்தான் கொண்டுபோனது.

இப்போது ஏழு பெண்கள் ஏற வருகிறார்கள். எல்லோரும் அங்கே இடப்பக்கம்தான் போவார்கள். நான்தான் பழக்கினேன், காரணம் சொல்லாமல். உன்னைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. போன வாரம் குன்றத்தூரிலிருந்து வந்த புதுப்பெண் பாதியில் நின்று கேட்டாள்.

“அக்கா, நேராவே சூப்பர் பிடி கீது. எதுக்கு எல்லாரும் சுத்திப் போறீங்க?”

“அப்படித்தான் போவணும்” என்றார்கள் மற்றவர்கள்.

காரணத்தைச் சொன்னால், இப்போது கூடு இல்லை என்று பார்த்துவிட்டு எல்லோரும் நேராக ஏறிவிடுவார்கள். அந்தப் பாறையில் உன்னுடையது என்று இருந்தது அந்தச் சுற்றுவழி ஒன்றுதான். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

“கை வைக்கிறதுக்கு முன்ன எட்டிப் பாரு. கூடு இருக்கா?”

“ஒண்ணுமில்லக்கா.”

நேராக ஏறிவிட்டாள். இறங்கியதும் எல்லோரையும் உட்காரவைத்து உன் கதையைச் சொன்னேன். கதையில் செக்யூரிட்டி வந்தபோது விழுந்து விழுந்து சிரித்தார்கள். இப்போது ஒவ்வொருத்தியும் அந்தப் பிடிக்கு முன்னால் நின்று, “குளவியக்கா, உள்ள இருக்கியா?” என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறாள்.

செத்தவங்க கதை எதுக்கு என்ற நம் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன்டி. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்க நீ இல்லாததுதான் தாங்கவில்லை.

நேற்று நானும் எட்டிப் பார்த்தேன். கூடு இல்லை, நேராகவே போயிருக்கலாம். என் கால் இடப்பக்கம்தான் போனது.