ஈரவேட்டியின் அந்தப் பக்கம்

நேற்றுச் சாயங்காலம் மழை இருட்டில் பள்ளிக்கூடத்துக் கரண்டு போய்விட்டது. ஆண்டுவிழா ஒத்திகைக்காகப் பிள்ளைகளைப் பிடித்து வைத்திருந்தோம். பியூன் உள்ளே போய்ப் பழைய பெட்ரோமாக்ஸைத் தூக்கிவந்து, ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்தார். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்கு ஏதாவது ஆகும் என்று காத்திருந்தேன். தொண்டை அடைக்கும், சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்றெல்லாம் நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மேண்டில் வெளுத்து எரிந்தது. "பின்வரிசை, கைய நேரா நீட்டுங்க" என்று சொல்லி ஒத்திகையை நடத்தி முடித்தேன்.

உன்னை அடக்கம் பண்ணியதிலிருந்தே இப்படித்தான் இருக்கிறேன். சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. கல்லறைத் தோட்டத்தில் மண் போடச் சொன்னார்கள், போட்டேன். வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டேன். "நகமும் சதையுமா இருந்தாங்க, இந்த டீச்சர் ஒரு சொட்டுக் கண்ணீர் விடலையே" என்று ஊரில் பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். எனக்கே புரியாததை அவர்களுக்கு எப்படி விளக்குவது? அழ வராவிட்டால் எழுதியாவது பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் விராலிமலைக்காரி. நீ ஆவூர் மாதா கோயில் மணி கேட்டு வளர்ந்தவள். டிரெயினிங்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம், ஒரே மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்க் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. கரண்டு கம்பி நம் ஊர்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஒரு நீளக் கூடம், அதற்குள் ஐந்து வகுப்பு. ஒரு மூலையில் வாய்ப்பாடு, இன்னொரு மூலையில் திருக்குறள், நடுவில் யாராவது அடி வாங்கி அழும் சத்தம். அந்த இரைச்சலில் கெட்டிக்காரப் பிள்ளைகளே பாதியைத்தான் பிடித்துக்கொள்வார்கள். மாடு மேய்க்கப் போய்விட்டு மாதம் கழித்து வருகிறவர்கள், திக்குவாய்க்காரர்கள், எழுத்தைப் பார்த்தாலே மிரளுகிறவர்கள் எல்லாம் உன் இரண்டாம் வகுப்பில்தான் தேங்கிக் கிடந்தார்கள். அவர்களோடு கடைசியில், தூணுக்குப் பக்கத்தில், சவரியம்மாள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை.

பங்குச் சாமியார் வீட்டுப் பரணில் ஒரு படப்பெட்டி கிடந்தது. தவசு காலத்தில் இயேசு பட்ட பாடுகளின் படத்தை ஊருக்குக் காட்டுவதற்காக எந்தக் காலத்திலோ வந்த பெட்டி. கண்ணாடித் தகட்டில் இருக்கிற படத்தை விளக்கு வெளிச்சத்தில் பெரிதாக்கித் துணியில் விழவைக்கும். உள்விளக்கு உடைந்து போனதால் தூக்கிப் போட்டிருந்தார்கள். நீ போய்க் கேட்டாய். "வெளக்கு இல்லாத பொட்டிய வச்சு என்னம்மா பண்ணுவே?" என்றார் சாமியார். "கல்யாண வீட்டுக்குப் போற பெட்ரோமாக்ஸு சும்மாதானே சாமி கெடக்கு" என்றாய் நீ.

புதுக்கோட்டை ராஜ வீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கழித்துப் போட்ட கண்ணாடித் தகடுகளை வாங்கி வந்தோம். சோடா உப்புப் போட்ட வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டினால் யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் கரைந்து போவார்கள். சுத்தமான கண்ணாடியில் நீ இந்தியன் இங்க்கால் ஆடு வரைவாய், அதன் அடியில் 'ஆடு' என்று எழுதுவாய். ஆட்டுக்கு நீ போட்ட தாடியைப் பார்த்து, "நம்ம ஹெட்மாஸ்டர் மாதிரியே இருக்குடி" என்றேன். அடுத்த தகட்டிலிருந்து தாடியைக் குறைத்துவிட்டாய்.

ஹெட்மாஸ்டருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. சவரியம்மாளைக் காட்டி, "செவிடன் காதுல சங்கு ஊதுற கதையால்ல இருக்கு டீச்சர்" என்றார்.

"ஊதி ஊதிப் பாத்தாச்சுங்க சார். இப்பக் காட்டிப் பாக்குறேன்" என்றாய்.

கூடத்தின் ஜன்னல்களைச் சாக்கால் மூடி இருட்டாக்கியபோதுதான் புதுச் சிக்கல் வந்தது. இருட்டில் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் ஒன்றாக உட்காருவதா என்று ஊர் கொதித்தது. கோயிலிலேயே இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் பெண் என்று உட்காருகிற ஊர். ஹெட்மாஸ்டர் ஒரு வழி சொன்னார். படம் விழுகிற வேட்டியைக் கூடத்துக்குக் குறுக்கே கட்டுவது. விளக்கு இருக்கிற பக்கம் பையன்கள், வேட்டிக்குப் பின்னால் பெண்பிள்ளைகள். வேட்டியைத் தண்ணீரில் நனைத்துக் கட்டினால் வெளிச்சம் ஊடுருவி இரண்டு பக்கமும் படம் தெரியும். ஊருக்கும் திருப்தி, உனக்கும் பெட்டி கிடைத்தது. நீ விளக்குப் பக்கம் நின்றாய். பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான் இந்தப் பக்கம்.

பின்னாலிருந்து பார்த்தால் எழுத்து இடம் வலம் மாறித்தான் தெரியும். முதல் நாளே பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். "டீச்சர், எழுத்து திரும்பி நிக்கிது" என்று ஒருத்தி கத்தினாள். "நிக்கட்டும், நான் சொல்றதக் காதுல வாங்கிக்க" என்று வேட்டிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாய். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். கையில் புத்தகம் இருந்தது, காதில் உன் குரல் இருந்தது. எழுத்து எப்படி நின்றால் அவர்களுக்கு என்ன?

சவரியம்மாளிடம் புத்தகமும் இல்லை, காதும் இல்லை. தூணடியில் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து கரும்பலகையும் சரியாகத் தெரியாது. ஆனால் வேட்டியில் வெளிச்சம் விழுந்ததும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, இமைக்காமல் இருப்பாள். படம் முடிந்ததும் சிலேட்டை எடுத்து விறுவிறுவென்று எழுதுவாள். அதை யாராலும் படிக்க முடியாது. "சிலேட்டு பூராக் கிறுக்கு" என்பார் ஹெட்மாஸ்டர். நீ அந்தச் சிலேட்டை இப்படியும் அப்படியும் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாய். "என்னமோ சொல்றாடி. எனக்குத்தான் பிடிபட மாட்டேங்குது" என்பாய் என்னிடம்.

அவளுடைய அப்பா சூசை ஆடு மேய்க்கிறவர். ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "எங்கக்கா ஜெகதாப்பட்டினத்துல இருக்கு டீச்சர். கருவாடு காயப்போட ஒரு ஆளு கேக்குது. இவ இங்கிட்டுக் குந்திக்கிட்டு என்னத்தப் படிக்கப் போறா? அங்கிட்டுப் போனா வயித்துப் பாடாவது நடக்கும்."

"ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வரப் போறாருங்க. அவர் முன்னாடி ஒங்க மக ஒரு வார்த்தை எழுதுவா. எழுதலைன்னா நானே பஸ் ஏத்திவிடுறேன்" என்றாய்.

அவர் போனதும் உன்னைத் திட்டினேன். "எந்த நம்பிக்கையிலடி வாக்குக் கொடுத்தே?" என்று கேட்டேன். ஹெட்மாஸ்டரும் அன்றைக்கே சொல்லிவிட்டார், இன்ஸ்பெக்ஷனில் எழுதாவிட்டால் பெயரை அடித்துவிடுவேன் என்று. அதற்கப்புறம் இந்தப் பள்ளிக்கூடத்துப் படியை அவள் மிதிக்க முடியாது. அந்த வாரம் முழுக்க உனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். கோட்டும் தலைப்பாகையுமாக வந்த அவரை விளக்குப் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சூசையும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் ஓரமாக நின்றார். நீ சவரியம்மாளை முன்னால் அழைத்துச் சிலேட்டைக் கொடுத்து, எழுத்தை மறைத்து ஆட்டுப் படத்தை மட்டும் காட்டினாய். அவள் எழுதினாள். இன்ஸ்பெக்டர் வாங்கிப் பார்த்தார். "இது எந்த ஊர் எழுத்தும்மா?" என்றார். பையன்கள் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டர் தொண்டையைச் செருமினார். உன் முகம் எப்படி இருந்ததென்று எனக்குத் தெரியாது. நான் வேட்டிக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

அந்தப் பிள்ளை எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்ததாம். பிறகு வேட்டியின் ஓரத்தைத் தூக்கி நுழைந்து என் பக்கம் ஓடி வந்தாள். இன்ஸ்பெக்ஷனுக்காகக் கரும்பலகைக்குப் பூச ஊமத்தை இலையோடு கரி அரைத்ததில் மிஞ்சிய இரண்டு கரித்துண்டு மூலையில் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்தாள். எழுத்து எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் அந்த வேட்டிதான். ஈரத் துணியில் கரியை அழுத்தி எழுத ஆரம்பித்தாள். நல்ல வேட்டி பாழாகிறதே என்று நான் தடுக்க எழுந்தேன். என் கண்ணுக்கு அது அதே கிறுக்கல்தான்.

அப்போது அந்தப் பக்கமிருந்து பையன்கள் ஒரே குரலில், "ஆடு!" என்று கத்தினார்கள்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் அடுத்ததை எழுதினாள். "மாடு!" என்று கத்தினார்கள். அதற்கடுத்தது, "வீடு!" ஈரத்தில் ஊறிக் கரி அந்தப் பக்கம் தெரிந்திருக்கிறது. இந்தப் பக்கம் கிறுக்கல், அந்தப் பக்கம் அச்சடித்த மாதிரி தமிழ். அவளுக்கு அந்தச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனாள்.

"என்ன சொல்றானுங்க?" என்று சூசையின் குரல் கேட்டது. அவருக்கு எழுத்துத் தெரியாது.

"ஒங்க மக எழுதுறதப் படிக்கிறாங்க" என்றாய்.

"அவளா?" என்றார்.

இன்ஸ்பெக்டர் தலைப்பாகை ஈரத்தில் உரச, வேட்டிக்கு அடியில் குனிந்து என் பக்கம் வந்தார். பார்த்தார். திரும்ப அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். "எந்தப் பக்கத்துக்கு மார்க் போடுறது?" என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார். ஹெட்மாஸ்டர் தாடியைத் தடவினார். சூசைதான் பதில் சொன்னார். "எந்தப் பக்கமா இருந்தா என்னங்கய்யா, படிக்க முடியுதுல்ல?"

பெயரை அடிக்கவில்லை. கருவாட்டுக்கும் அனுப்பவில்லை.

எல்லாரும் போன பிறகு நீ என் பக்கம் வந்து, தூணடியில் சவரியம்மாள் உட்காரும் இடத்தில் தரையில் உட்கார்ந்தாய். "ஒரு தகட்டப் போடுடி" என்றாய். போட்டேன். சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீ அந்தத் திரும்பிய எழுத்தைப் பார்த்தபடி அசையாமல் இருந்தாய். "இத்தன மாசத்துல ஒரு தடவகூட நான் இங்கிட்டு வந்து உக்காரலையேடி" என்றாய்.

பிறகு பட்ட பாடு கொஞ்சமா? அவள் கற்றதை எல்லாம் திருப்பிப் போட வேண்டியிருந்தது. அவள் எழுதியதை நீ அழித்தால் அவள் உன் கையைத் தட்டிவிடுவாள். கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வேட்டியைச் சுற்றிச் சுற்றி நடந்தாய். இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. ஒரு சுற்றில் அவளுக்குப் பளிச்சென்று பிடிபட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன். அதன் பிறகு வேட்டியை நீ குறுக்கே கட்டவே இல்லை. சுவரில் ஆணி அடித்து மாட்டினாய். எல்லாரும் ஒரே பக்கம், பையன்கள் இடது, பெண்கள் வலது, நடுவில் பிரம்போடு வேலி மாதிரி நான். ஊர் கொஞ்ச நாள் முணுமுணுத்துவிட்டு அடங்கியது.

சவரியம்மாள் ஐந்தாவது வரை படித்தாள். இப்போது ஊரிலேயே தையல் தைக்கிறாள். வருகிற துணியில் யாருடையது என்று துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிச் செருகி வைப்பாள். உன் கையெழுத்துப் போலவே இருக்கும்.

காமாலை என்று லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் வண்டியில் படுத்துத் திரும்பி வந்தாய். உன்னைக் கோயிலில் கிடத்தியிருந்தபோது அவள் வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. ஜெபமாலை சுற்றியிருந்த உன் கையை மெல்ல விரித்து, உள்ளங்கையில் விரலால் எதையோ எழுதினாள். ஒரே ஒரு வார்த்தை இல்லை, நிறைய எழுதினாள். நான் நின்ற பக்கத்திலிருந்து என்னவென்று தெரியவில்லை. கேட்டிருக்கலாம். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை என்பதுதான் இந்தக் கடிதம் முழுக்கச் சொல்ல வந்தது.

உன் வகுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தூணடி நாளுக்குப் பிறகு, புது வகுப்பு தொடங்கும்போதெல்லாம் நீ ஒரு வேலை செய்வாய். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்து, அங்கிருந்து பலகை எப்படித் தெரிகிறது என்று பார்ப்பாய். பார்த்துப் பார்த்து எனக்கும் அது தொற்றிவிட்டது. திங்கட்கிழமை சீக்கிரமே வந்து உன் வகுப்பில் பிள்ளைகள் உட்காரும் எல்லா இடத்திலும் உட்கார்ந்து பார்த்தேன். ஜன்னலோரத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கண் கூசுகிறது, பலகையைக் கொஞ்சம் சாய்த்துவைத்தேன். கடைசி வரிசையில் ஒரு குட்டைப் பையனை முன்னால் மாற்றினேன். வேலை சரியாகத்தான் நடக்கிறது.

இன்றைக்குப் புது ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று, உன் நாற்காலியைக் காட்டிக் கேட்டார். "ஏன் டீச்சர், நாற்காலி இருக்குல்ல? இந்த வகுப்புக்கு வந்த நாள்லேருந்து நின்னுக்கிட்டே பாடம் எடுக்குறீங்களே?"

"அது டீச்சர் ஒக்காருற எடம் சார்" என்றேன்.