நாலு எண்ணுவதற்குள்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அங்கே நீயும் மருமகளும் என் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு என்ன கடுதாசி என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது, அதற்குமேல் வரவில்லை. உன்னைப் பாராட்டி எனக்குப் பழக்கமே இல்லையே. பென்சில் பிடித்த கை, எழுதினாலாவது வருகிறதா பார்க்கலாம்.

நடந்ததை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பக்கவாதத்தில் வலது கை கால் விழுந்து பேச்சும் போன பிறகு, நீ வந்து கட்டிலுக்கு எதிரே அந்தக் கம்ப்யூட்டரை வைத்து, இடது கையால் தட்டினால் திரையில் பெரிய பெரிய எழுத்தாக வரும்படி செய்துவிட்டுப் போனாயே, இந்த எட்டு மாதமாக அவளுக்கு வாய் அதுதான். ஆனால் அதன் தகரப் பெட்டி கடகடவென்று அதிர்ந்துகொண்டே இருக்கும், பாவம், பகலில் அவளால் கண்ணயர முடியவில்லை. தச்சன் வீட்டில் தகரப் பெட்டியா என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பள்ளிக்கூட அலமாரி வேலையில் மிஞ்சிய பலகையில் ஒரு பெட்டி செய்தேன். காற்றுப் போக வழி விட்டு, ஒவ்வொரு வயருக்கும் பென்சிலால் அடையாளம் போட்டு, போர்டைத் தகரத் தட்டோடு அப்படியே தூக்கி உள்ளே வைத்தேன். ஆன் பண்ணும் பட்டனுக்கு மேல் மரத்திலேயே ஒரு குமிழ் கடைந்து பொருத்தினேன் பார், இடுக்கில் தலைமுடி நுழையாது. அதன்மேல் இரண்டு கை வார்னிஷ். என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. பட்டிருக்கும். குமிழை அமுக்கினேன், விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, அம்மா கையைக் கீபோர்டுக்குக் கொண்டுபோவதற்குள் அணைந்துவிட்டது. மறுபடி அமுக்கினேன், மறுபடி அதே கதை.

உன்னிடம் சொல்லப் பயம். நீ ஆசையாகச் செய்து கொடுத்ததை அப்பன்காரன் கைவைத்துக் கெடுத்துவிட்டான் என்று ஆகிவிடுமே. கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரைக் கூட்டி வந்தேன். அவரும் என் குமிழை நாலு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, போர்டு போயிடுச்சு பெரியவரே, புதுசு வாங்கிடுங்க என்றார். அம்மா எழுதி வைத்ததெல்லாம் அதற்குள் இருக்கிறதே என்றேன். அதுக்கு நான் பொறுப்பில்லை என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் அவசரத்தால் அவள் இரண்டாம் தரம் பேச்சை இழந்துவிட்டாளே என்று பட்டறையில் போய் உட்கார்ந்து அழுதேன். இதை மருமகளிடம் சொல்லாதே.

மூன்று நாள் இப்படி. முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணியவன், முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ள மாட்டேனா என்று ஒரு மிதப்பு வேறு எனக்கு. அவள் இடது கைக் கட்டைவிரலை நீட்டி, காற்றில் ஒரு அமுக்கு அமுக்கி, அப்படியே வைத்திருந்து, பிறகு மெல்ல மெல்ல எடுப்பாள். கால் குடைகிறது, அமுக்கிவிடச் சொல்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். எண்ணெய் தேய்த்து மாய்ந்து மாய்ந்து அமுக்கினேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். போதவில்லை போலிருக்கிறது என்று இன்னும் அழுத்தி அமுக்கினேன்.

நேற்று நீ போன் பண்ணியபோது என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாய். நான் உளறிக் கொட்டியதை எல்லாம் கேட்டுவிட்டு, ஏம்ப்பா தொட்டீங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை நீ. சின்ன வயதில் என் உளியை எடுத்ததற்கு உன்னை என்ன பாடு படுத்தியிருக்கிறேன், அது நினைவுக்கு வந்து எனக்கு வெட்கமாக இருந்தது. ஆன் பண்ணிட்டு வாய்விட்டு எண்ணுங்கப்பா என்றாய். எண்ணினேன். நாலில் அணைந்தது. மறுபடி எண்ணச் சொன்னாய், மறுபடியும் நாலு. கெட்டுப்போன சாமான் இப்படிக் கணக்கா நிக்காதுப்பா, பட்டனை யாரோ விடாம அமுக்கிட்டு இருக்காங்க, அப்படி இருந்தாத்தான் அது நாலு செகண்டுல தானே அணையும் என்றாய். நான் கையை எடுத்துவிட்டேனே என்றேன். அந்தப் பட்டன் வயரைக் கழற்றிவிட்டு, போர்டில் அது செருகியிருந்த இரண்டு குட்டிக் கம்பியையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி சேர்த்துத் தொட்டு எடுக்கச் சொன்னாய். தொட்டேன், விளக்கு எரிந்தது. நாலு, ஐந்து, ஆறு, நான் எண்ணிக்கொண்டே போகிறேன், முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டேன், போதும்ப்பா என்று நீ அங்கே சிரிக்கிறாய். என் குமிழ்தான் குற்றவாளி. இடுக்கே இல்லாமல் செய்ததால் உள்ளே போனது திரும்பி வரப் பத்து நொடி எடுத்துக்கொண்டிருக்கிறது. நன்றாக இரு, கண்ணா. நீ கோபப்படாமல் எண்ணச் சொன்னாயே, அதற்கு இந்த அப்பா எந்நாளும் நன்றியோடு இருப்பான்.

நீ போனை வைத்த பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது. அம்மா கீபோர்டை இழுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். பட்டன் உள்ளேயே நின்னு மெதுவா வெளிய வருது, படுத்த இடத்துலேர்ந்து எனக்கு நல்லா தெரியுது, மூணு நாளா கையைக் காட்டிச் சொல்றேன், நீங்க காலை அமுக்குறீங்க. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் பழைய பக்கங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, பேத்திக்கு எழுதிவரும் கதையும்தான். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி தட்டினாள். ஆனா அமுக்கினது நல்லா இருந்துச்சு, கல்யாணம் ஆனதுலேர்ந்து இதான் முதல் தடவை.

குமிழை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு தபால் அட்டை நுழையும் அளவு இடுக்கு விட்டுவிட்டேன். பார்க்க அழகில்லை, இருந்துவிட்டுப் போகட்டும். நீ மணிக்கணக்காக நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்காதே, நடுநடுவே எழுந்து நட. அந்த இரண்டு கம்பி எது என்று ஒரு படம் போட்டு அனுப்பு, மறந்துவிடுவேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். இன்னும் எழுதலாம், ஆனால் அவள் கட்டைவிரலை நீட்டிக் காற்றில் அமுக்குகிறாள். திரும்பிப் பார்த்தேன், கம்ப்யூட்டர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்கப் போகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா