கண்ணில் படக் கூடாத கண் கிறீம்

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
12.07.1998

அன்பு மகள் மங்களேஸ்வரிக்கு,

நானும் அப்பாவும் சுகம். இந்த முறை அப்படி எழுதுவதற்குக் காரணமும் இருப்பதால், வழக்கத்துக்கு எழுதியதென்று நினைக்காதே. நீயும் மருமகனும் கனடாக் குளிரிலும் குறைவின்றி இருக்க மாமாங்கப் பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ அனுப்பிய கண் கிறீம் கிடைத்தது. பூசினாயா, பலன் தெரிகிறதா, இன்னும் அனுப்பவா என்று அதன்பிறகு வந்த இரண்டு கடிதத்திலும் கேட்டுவிட்டாய். பதில் கொஞ்சம் நீளும், ஏனென்றால் அந்தச் சிமிழ் இங்கே செய்த வேலை எதுவும் அதனோடு வந்த தாளில் எழுதியிருக்கவில்லை. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முகத்துக்கு ஒரு கிறீம், கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை இடத்துக்கு வேறொரு கிறீமா, அந்த இடத்தில் எல்லை போட்டது ஆர் என்று கேட்டார். எல்லைகளைப் பற்றி இங்கே நாங்கள் அதிகம் பேசுவதில்லை. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுவது நித்திரை கெடுவதால். ஷெல் சத்தத்துக்கு எழும்புகிற எல்லாருக்கும் அது இருக்கிறது, எல்லாருக்கும் இருக்கிறபடியால் ஒருவரும் அதைக் குறையாக எடுப்பதில்லை. ஆனாலும் பிள்ளை அனுப்பியது, காலையும் மாலையும் தவற விடாதே என்று வேறு எழுதியிருந்தாய், பூசினேன்.

இதற்கிடையில் வாவிக்கு அக்கரையில், பழுகாமத்தில் உன் சின்னம்மா சின்னத்தங்கத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. வாசலில் நின்ற மாட்டைக் கிராமசேவகர் என்று நினைத்து உள்ளே வாங்கோ என்று கூப்பிட்டிருக்கிறாள். மாடு வரவில்லை. கூப்பிட்டால் கிராமசேவகரும் வருவதில்லை என்பதால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. அது சிரிப்பு, ஆனால் போன மாதம் கிணற்றுக்கட்டு என்று நினைத்து வெறும் காற்றைப் பிடித்து உள்ளே விழப் பார்த்தாள், அது சிரிப்பில்லை. இங்கே ஆஸ்பத்திரிக் கண் டொக்டர் மாற்றலாகிப் போகிறார், ஆனி முடிவதற்குள் கூட்டி வந்தால் வெட்டி எடுத்துவிடலாம், அதற்குப் பிறகு வருகிறவர் எப்போது வருவார் என்று ஒருவருக்கும் தெரியாது என்றார். ஆகவே அவளைக் கூட்டி வர நான் புறப்பட்டேன், ஒரு கிழமை தங்க வேண்டி வரும் என்று சிமிழையும் பையில் போட்டுக்கொண்டேன்.

பட்டிருப்புப் பாலத்தடியில் பையைச் சோதித்த சிப்பாய் சிமிழை எடுத்து, ‘அம்மா, இது மருந்து?’ என்றான். மருந்தென்றால் ஆமி இல்லாத அக்கரைக்குக் கொண்டுபோக அனுமதிக் கடிதம் வேண்டும் என்று உனக்குத் தெரியும். நான் பிள்ளைகளுக்கு உண்மை பேசப் படிப்பித்தவள், உண்மையைச் சொன்னேன், மருந்தில்லை தம்பி, அழகுக்குப் பூசுகிறது என்று. அவன் சிமிழைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், அடையாள அட்டையில் இருந்த படத்தையும் பார்த்தான், மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை போலும், மேலாளைக் கூப்பிட்டான். மேலாள் மூடியைத் திறந்து மணந்து பார்த்து, ‘அழகுக்கா?’ என்றான். ஓம், அழகுக்குத்தான் என்று முழு வரிசைக்கும் கேட்க இந்த வயதில் நான் சத்தமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. அவன் சிரிக்கவில்லை, மரியாதை தெரிந்தவன். நல்லது போங்க என்று தந்துவிட்டான். அதை நம்பியது அவன் ஒருவன்தான். எனக்குப் பின்னால் நின்ற பழுகாமத்து ஆச்சிப்பிள்ளை பாலம் தாண்டியதும் கிட்ட வந்து, ‘என்னகா ரீச்சர், வாய் கூசாமப் பொய்யச் சொல்லி மருந்தக் கடத்திட்டீங்களே, நான் ஆருக்கும் மூச்சு விடமாட்டன்’ என்று என் கையைப் பிடித்தாள். நான் சின்னம்மா வீடு போய்ச் சேர முதல் அந்த மூச்சு போய்ச் சேர்ந்திருந்தது. சின்னம்மா படலையடியிலேயே, ‘கண்ணுக்குக் கனடா மருந்து வந்திருக்காமே அக்கா, மறுகா என்னத்துக்கு எனக்குக் கத்தி?’ என்றாள்.

தாளை எடுத்து வாசித்துக் காட்டினேன், கண்ணுக்குள் படக் கூடாது, பட்டால் உடனே கழுவ வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. ‘கண் மருந்து கண்ணில படக் கூடாதாம், நீ என்னக் கத்திக்கு அனுப்ப மாத்தி வாசிக்கிறாய்’ என்றாள். நியாயம் அவள் பக்கம்தான், கண் கிறீம் என்று பேர் வைத்தவன் பதில் சொல்லட்டும். சங்கக்கடை மனேஜர் நல்லரத்தினத்தைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன், அவரும் அதையே சொன்னார். ‘அவனுக்கும் நீதானே இங்கிலீசு படிப்பிச்ச’ என்று அவரையும் தள்ளிவிட்டாள். நான் குசினிக்குள் போன நேரம் பார்த்துச் சிமிழைத் தேடி எடுத்து, விரலில் வழித்துக் கண்ணுக்குள் விடப் போனாள். கையைத் தட்டிப் பறித்தேன். அதற்குப் பிறகு இரண்டு பேரும் பேசவில்லை. ஆனி போய்க்கொண்டிருந்தது. கடைசியில் அவளே வாய் திறந்து, ‘நீ பூசினியே, உனக்குக் கறுப்புப் போயிட்டா?’ என்றாள். வந்து பார் என்றேன். வந்து என் நாடியைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்கு மூக்கில் முட்டுகிற அளவுக்குக் கிட்ட வந்தாள். பெருவிரலால் கண்ணுக்குக் கீழே தடவினாள். ‘எங்ககா தெரியுது’ என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். விடிய எழும்பிப் பார்த்தால் சீலைகளைப் பையில் கட்டி வைத்துக்கொண்டு, நேரம் போகுது அக்கா என்று என்னை அவசரப்படுத்துகிறாள்.

வலக்கண் வெட்டியாயிற்று, நன்றாக இருக்கிறது. கட்டை அவிழ்த்ததும் அவள் முதலில் பார்த்தது என்னைத்தான். ‘ஐயோ அக்கா, என்னகா இப்படிக் கிழடாயிட்டாய்? பூசியுமா?’ என்றாள், ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கண்ணாடி கேட்டாள். கொடுத்தேன், நெடுநேரம் பார்த்தாள். கண்ணாடியைத் திருப்பித் தரும்போது, அந்தச் சிமிழ் எங்க என்று மட்டும் கேட்டாள். புண் ஆறும்வரை கிறீம் அந்தப் பக்கம் போகக் கூடாதென்று டொக்டர் சொன்னதால் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். இப்போது எங்களோடுதான் இருக்கிறாள், கண் தெரிகிறபடியால் அவளிடமிருந்து திறப்பை ஒளிப்பதுதான் பெரும்பாடு.

ஆகவே உன் கேள்விக்கு மறுமொழி இது. தோல் கொஞ்சம் மிருதுவாகிறது, பொய் சொல்லக் கூடாது. அந்த மென்மையைத் தேங்காயெண்ணெயும் தரும். கறுப்புப் போகவில்லை, நித்திரை வந்தால்தான் போகும். இனி அனுப்பாதே. சின்னம்மா உன் கலியாணப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, இவ்வளவு விபரமாகக் கேட்கிற புள்ள தனக்கும் ஒண்டு வாங்கியிருப்பாள் அக்கா என்றாள். எனக்கு அது தோன்றவில்லை. இரவு வேலை பழகிவிட்டது, நன்றாக நித்திரை கொள்கிறேன் என்று நீ எழுதியதை நான் அப்படியே வாசித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன்.

நீயும் மருமகனும் ஒரு குறையுமின்றி நீடு வாழ வேண்டும், அம்மாளாச்சி துணை. அப்பாவும் சின்னம்மாவும் ஆசி சொல்லச் சொன்னார்கள். மறக்காமல் உன் புதுப் படம் ஒன்று அனுப்பு. படம் எடுக்கும் நாளில் மட்டும் கண்ணுக்குக் கீழே ஒன்றும் பூசாதே மகள், நாங்கள் பார்க்க வேண்டும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா
அன்னப்பூரணி