ஒரு ராடார் போதாது

அன்புள்ள அப்பாவுக்கு, மகள் வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். உங்கள் நெஞ்சு வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் சுகமாக இருப்பதாக மூன்று இடத்தில் எழுதியிருந்தீர்கள். சுகமாக இருப்பவர் ஒரு தடவை எழுதினால் போதாதா? அதிலிருந்தே எனக்குச் சந்தேகம்.

நான் பெருக்கித் துடைக்கும் ராடார் நிலையத்தில் நேற்று ஒரு வேடிக்கை. வானத்தில் வெகு உயரத்தில் மின்சாரம் ஏறிய காற்று ஓடுகிறதாம். பிளாஸ்மா என்கிறார்கள். அந்த ஓட்டத்தைக் காட்டும் திரையைத் துடைக்கும்போது என்ஜினியர் அக்காவிடம் கேட்டுவிட்டேன்.

"இந்த ராடார் சொல்றத அப்படியே நம்பிடுவீங்களாக்கா?"

"யாரு நம்பினா? கிட்ட வருதா, தள்ளிப் போகுதான்னு மட்டும்தான் இது சொல்லும். நெஜமா எந்தப் பக்கம் ஓடுதுன்னு தெரியணும்னா, அதே இடத்த இன்னொரு ஊர் ராடாரும் வேற பக்கத்துலேர்ந்து பாக்கணும்."

"ரெண்டு பேரத் தனித்தனியா விசாரிக்கிற மாதிரியா?"

"அடிப்பாவி! ஊமைன்னு நெனச்சேன், என் நாற்காலிக்கே குறி வெக்கிறியே!" என்று சிரித்தார்.

அதனால் தங்கச்சிக்கும் அவள் பள்ளிக்கூட விலாசத்துக்கு இன்றே எழுதிவிட்டேன். கடைத்தெருவுக்குப் போய் வர அப்பா வழியில் எத்தனை தடவை உட்காருகிறார் என்று எண்ணி எழுதச் சொல்லியிருக்கிறேன். அவளை மிரட்டாதீர்கள். நீளமாக எழுதட்டும், இங்கே என் அறையில் படிக்க வேறெதுவும் இல்லை.

நீங்களும் அவளைக் கேட்காமல் அந்த எண்ணிக்கையை எழுதுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் புறப்பட்டு வந்துவிடுவேன். லீவு சொல்லி வைத்திருக்கிறேன்.

தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

உங்கள் மூத்தவள்