விலாசக் கட்டம்

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். போனில் நான் கத்தினால் உங்களைத் தவிரத் தெருவில் எல்லோருக்கும் கேட்கிறது. அதனால்தான் கடிதம். தம்பி வீட்டில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா, அங்கேயும் உப்பில்லை என்று வம்பா?

உங்களால் ஒரு காரியம் ஆக வேண்டும். இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கு உலக வரலாறு எடுக்கிறேன். இரண்டு உலகப் போர்களும் சர்வாதிகாரிகளும் ஒரே பருவத்தில். பிள்ளைகள் ஆண்டுகளை உருப்போட்டு ஒப்பித்துவிட்டு மறுநாளே மறந்துவிடுகிறார்கள். போன வாரம் ஒருத்தி மட்டும் கேட்டாள்: "மிஸ், இத்தனை பேரைப் பிடிச்சிட்டுப் போறது ஒரு ஆள் செய்யற வேலையா? மத்தவங்கல்லாம் என்ன பண்ணிட்டு இருந்தாங்க?" நம் தெருக்கோடி வீட்டுப் பெண்தான். கெட்டிக்காரி.

அவளுக்காகவே எல்லோருக்கும் ஐந்து கேள்விகள் கொடுத்தேன். நம் நாட்டில் ராணுவ ஆட்சி நடந்த அந்த இரண்டு வருடங்களைப் பற்றி வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு எழுத வேண்டும். ஐந்தாவது கேள்வி: அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? கேள்வித்தாளை இத்துடன் வைத்திருக்கிறேன், மாதிரிக்கு உங்கள் பதில் வேண்டும்.

பக்கத்து வீட்டு அத்தையிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆட்சியில் மாமாவைப் பிடித்துப் போய் நாற்பத்தெட்டு வருடமாகிறது, வீட்டு வரி ரசீது இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. மாற்ற விடமாட்டேன் என்கிறார். உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் மகள்

ஜூன் 17

அன்பு மகளுக்கு,

உப்பெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பேச்சுத் துணைக்குத்தான் ஆளில்லை.

உன் கேள்விகள் கிடைத்தன. நான் என்ன தளபதியா? மாவட்ட அலுவலகத்தில் தட்டச்சர். கொடுத்ததை அடித்தேன், ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். இதைக் கேட்டால் உன் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். வேறு யாரையாவது பிடி.

அத்தையின் முழங்கால் வலி தேவலையா?

அன்புடன்,
அப்பா

ஜூன் 26

அன்பு மகளுக்கு,

நீ பதில் போடவில்லை. கோபம் என்று தெரிகிறது. உன் கேள்விகளை ஒன்பது நாளாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

முதல் நான்குக்கும் பதில் பின்தாளில் இருக்கிறது, அது வகுப்புக்கு. ஐந்தாவது உனக்கு மட்டும்.

அந்தக் காலத்தில் பிடிக்க வேண்டியவர்களின் பட்டியல் ஒன்று வாரம்தோறும் அடிக்க வரும். பெயர், வயது, தொழில், விலாசம் என்று நாலு கட்டம். ஒரு வாரம் அதில் மாமாவின் பெயர் இருந்தது. அச்சகத்தில் பிழை திருத்துகிறவர், தொழிற்சங்கத்தில் இருந்தவர். விலாசம் மட்டும் இல்லை. அவர் ஒளிந்திருந்த இடம் அவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். கட்டத்தைக் காலியாக விட்டுப் பழக்கமில்லாத கை, அந்த இடத்தை அடித்துவிட்டது. சரிபார்த்தபோதுதான் கவனித்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். அதிகாரி கையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுத்துவிட்டேன்.

உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லாதே. எனக்கு எழுது.

அப்பா

ஜூலை 4

அப்பா,

என் பாடமுறை உங்களுக்குத் தெரியாது. பழைய கடிதமோ ஆவணமோ எது கிடைத்தாலும் நான் முன்னதாகப் படிப்பதில்லை. வகுப்பிலேயே பிரிப்போம், ஒரு பிள்ளை உரக்கப் படிக்கும். முதன்முறை படிக்கும்போது எழுகிற கேள்விதான் நல்ல கேள்வி என்பேன். உங்கள் உறையையும் அப்படியே கொண்டுபோனேன். தெருக்கோடிப் பெண் படித்தாள்.

"உனக்கு மட்டும்" என்று வந்ததும் அவள் நிறுத்தி என்னைப் பார்த்தாள். உங்கள் வழக்கமான கேலி என்று நினைத்து, படி என்றேன். மாமாவின் பெயர் வந்ததும் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். ஆவணத்தைப் பாதியில் நிறுத்தக்கூடாது என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். நாற்பது பிள்ளைகளும் கடைசிவரை கேட்டார்கள். யாரும் கொட்டாவி விடவில்லை.

"மிஸ், அவர் அந்த வீட்டுப் பாட்டிகிட்ட சொல்லிட்டாரா?" என்று கேட்டாள் அந்தப் பெண். கடிதத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தேன், மணி அடித்தது. நான் வீடு வந்து சேர்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அத்தையின் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை. தட்டினேன். உள்ளே நடமாட்டம் கேட்கிறது.

அம்மா இறந்தபின் எனக்குத் தலை வாரிவிட்டவர் அவர். நான் என்ன செய்ய?

மகள்

ஜூலை 11

அம்மா,

உன்னைக் குறை சொல்ல மாட்டேன். என் புத்திதான் என்னைக் கெடுத்தது.

இதனுடன் அத்தைக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறேன். அவர் கையில் கொடு. மன்னிப்பு கேட்டிருக்கிறேன், வேறொன்றும் இல்லை. நீ சரி என்று ஒரு வரி எழுதினால் அடுத்த வண்டியில் வந்து அவர் வாசலில் நிற்பேன். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். உன் முகத்தைப் பார்க்காமல் சாக முடியாது அம்மா. எழுது.

அப்பா

ஜூலை 20

அப்பா,

நேற்று அத்தை கதவைத் திறந்தார். உங்கள் உறையை நீட்டினேன். வாங்கவில்லை. உட்காரச் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"அவர் இருந்த இடம் என் ஒருத்திக்குத்தான் தெரியும். உங்கப்பாகிட்ட மட்டும் சொன்னேன், மாத்துத்துணி கொண்டுபோய்க் குடுக்க. மூணாம் நாள் பிடிச்சிட்டாங்க. எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா? அன்னிக்கே தெரியும்மா. ரிட்டையர் ஆகற வரைக்கும் உங்கப்பா தினமும் காலையில என் வாசலைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போனார். இன்னிக்குச் சொல்லிடுவார், இன்னிக்குச் சொல்லிடுவார்னு நின்னுட்டே இருந்தேன். கடைசியில யார் யார் வீட்டுப் பிள்ளைங்களோ கேட்டுதுங்க. என்கிட்ட சொல்லலையே."

அழவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார்.

வகுப்பில் அடுத்த பாடம் ஆரம்பித்துவிட்டேன். ஆண்டுகளை ஒப்பிக்கிறார்கள். நான் ஒன்றும் கேட்பதில்லை, அந்தப் பெண்ணும் கேட்பதில்லை.

உங்கள் உறையைப் பிரிக்காமல் இதனுடன் திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் வர வேண்டாம். அதை அத்தை சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

மகள்